1983ஆம் ஆண்டுப் படகுக்கு மாற்று அவுட்போர்டு எஞ்சின்: 60, 70, 90 இவற்றில் எது பொருந்தும்?

கரைவாசி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1983இல் கட்டிய 16 அடி ஃபைபர் படகு. நடுவில் ஸ்டியரிங் மேடை, தண்ணீர் தானாக வடியும் தளம், எஞ்சினை மாட்டும் பின்பலகை 5 அடி அகலம், 20 அங்குல உயரம். படகோடு வந்த மூன்று சிலிண்டர், 70 குதிரைத்திறன், கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் இத்தனை ஆண்டுகள் உழைத்துவிட்டு இப்போது மூச்சு வாங்குகிறது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பார்த்ததில் முதல் இரண்டு சிலிண்டர்கள் 120, 118 பிஎஸ்ஐ காட்டின. மூன்றாவது 70ஐத் தாண்டவில்லை.

பெரும்பாலும் இருவர்தான் போவோம், எப்போதாவது நால்வர். கரையை ஒட்டிய நீரில்தான் ஓட்டம். அதிகபட்சத் திறனைக் குறிக்கும் தகடு படகில் இருக்கிறது, ஆனால் எழுத்துகள் தேய்ந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. புதிதாக ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்கலாம் என்று நினைக்கிறேன். 60 போதுமா, 70தான் வேண்டுமா, ஒரே செலவாக 90க்கே போய்விடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சுக்கான்

குதிரைத்திறனிலிருந்து தொடங்காதீர்கள் நண்பரே, எடையிலிருந்து தொடங்குங்கள். உங்கள் படகை வடிவமைத்தவர், பின்னால் ஒரு டூ-ஸ்ட்ரோக் தொங்கும் என்று எண்ணித்தான் அதன் மிதப்பைக் கணக்கிட்டிருப்பார். அந்தக் காலத்து மூன்று சிலிண்டர் 70 ஏறக்குறைய 110 கிலோ இருக்கும். இன்றைய எஞ்சின்களில் அதற்குப் பக்கத்தில் வருபவை ஒரு லிட்டர் கொள்ளளவில் உள்ளவைதான். சுசுகி டிஎஃப்60ஏ சுமார் 104 கிலோ, மெர்குரி 60 சுமார் 112 கிலோ, யமஹா எஃப்70 சுமார் 115 முதல் 120 கிலோ. அதே 70 குதிரைத்திறன் என்று எழுதியிருந்தாலும் சுசுகி டிஎஃப்70ஏ ஒன்றரை லிட்டர் எஞ்சின் என்பதால் சுமார் 155 கிலோ வரும். மெர்குரியின் 75, 90, 115 மூன்றும் 2.1 லிட்டர் கொள்ளளவில் அமைந்தவை. அவை 160 கிலோவைத் தாண்டும்.

ஆகவே 60க்கும் 70க்கும் இடையில் என்ன வித்தியாசம் என்று கேட்பதைவிட, எந்த 70 என்று கேட்பதுதான் பொருத்தம். 45 கிலோ கூடுதல் எடை என்பது ஒரு பள்ளிச் சிறுவனைப் பின்பலகைக்கும் பின்னால் நிரந்தரமாக உட்கார வைப்பது போன்றது. சிறுவன் என்றால் முன்னால் போய் உட்காரச் சொல்லலாம். எஞ்சினிடம் அப்படிச் சொல்ல முடியாது.

மூன்றாம்அலை

எடை முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் சிறிய எஞ்சினை வாங்கிவிட்டு எப்போதும் முழு வேகத்திலேயே விரட்டுவதும் எஞ்சினுக்கு நல்லதல்ல. நால்வரும் நிறைந்த டேங்கும் இருக்கும்போது படகு நீரின் மேல் எழும்பிச் சறுக்க வேண்டும். அதற்கு மிச்சத் திறன் வேண்டும். நான் 90ஐத்தான் சொல்வேன். பாதித் திராட்டிலில் ஓட்டினால் எரிபொருளும் மிச்சமாகும்.

கணக்கர்

தகடு தேய்ந்திருந்தால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதியில் ஒரு சூத்திரம் இருக்கிறது. படகின் நீளத்தையும் பின்பலகையின் அகலத்தையும் அடிக்கணக்கில் பெருக்க வேண்டும். வரும் எண் 52.5ஐத் தாண்டி, படகில் தொலை ஸ்டியரிங்கும் (எஞ்சினைத் தள்ளி நின்று திருப்பும் அமைப்பு) குறைந்தது 20 அங்குலப் பின்பலகையும் இருந்தால், அந்த எண்ணை இரண்டால் பெருக்கி 90ஐக் கழிக்க வேண்டும். உங்களுக்கு 16 × 5 = 80; அதன் இரு மடங்கு 160; 90ஐக் கழித்தால் 70. தேய்ந்துபோன தகட்டிலும் இதே எண்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஆகவே 90 என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. காப்பீட்டுப் படிவத்தை நிரப்பும்போதும் இந்த எண் குறுக்கே வந்து நிற்கும்.

வேகத்தைப் பொறுத்தவரை, சறுக்கி ஓடும் படகில் எடை மாறாதிருந்தால் வேகம் திறனின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். 70இலிருந்து 90க்குப் போனால் கிடைப்பது சுமார் 13 சதவீதம். கூடும் 45 கிலோ அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். 70இலிருந்து 60க்கு இறங்கினால் இழப்பது 7 சதவீதத்துக்குச் சற்று அதிகம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1980களின் நடுப்பகுதி வரை பல தயாரிப்பாளர்கள் திறனைக் கிராங்க் தண்டில் அளந்து எழுதினார்கள்; புரொப்பெல்லர் தண்டில் அளந்து எழுதுவது அதன் பிறகுதான் பொது வழக்கமானது. இடையில் கியர்களின் உராய்வில் சுமார் 10 சதவீதம் போய்விடும் என்பதால், உங்கள் 1983ஆம் ஆண்டு ‘70’ இன்றைய அளவில் 63 அளவுக்குத்தான் இருந்திருக்கும். இன்றைய 60 உங்களுக்குப் பெரிய ஏமாற்றமாக இருக்காது.

நீர்க்காகம்

எல்லோரும் புதியதை வாங்கச் சொல்கிறீர்கள். இருப்பதைக் காப்பாற்றலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் முப்பது ஆண்டுகளாக டூ-ஸ்ட்ரோக் ஓட்டுபவன். மூன்றாவது சிலிண்டரில் பிஸ்டன் வளையம் கரியில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் கம்ப்ரஷன் இப்படி விழும். கரி நீக்கும் திரவத்தை விட்டு ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் ஓட்டிவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். வளையம் விடுபட்டால் 100க்கு மேல் வந்துவிடும். வராவிட்டால் தீப்பொறி பிளக் துளை வழியாகச் சிறு கேமராவை விட்டுச் சுவரைப் பாருங்கள். அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.

உதிரிப் பாகங்கள் பற்றியும் ஒரு சொல். எவின்ரூட் தயாரிப்பை பிஆர்பி நிறுவனம் 2020இல் நிறுத்தியபோது எல்லாம் முடிந்தது என்றார்கள். அந்தப் பழைய எஞ்சின்களுக்கு நீரேற்றிச் சக்கரமும் கார்புரேட்டர் கிட்டும் இன்றைக்கும் வேறு தயாரிப்பாளர்களிடமிருந்து வந்துகொண்டுதான் இருக்கின்றன.

சுக்கான்

நீர்க்காகம் ஐயா சொல்வது சரி; செலவில்லாத சோதனையை முதலில் செய்துவிட வேண்டும். ஆனால் கார்புரேட்டர் டூ-ஸ்ட்ரோக்கின் அடிப்படைக் குறை ஒன்று உண்டு. உள்ளே வரும் கலவையும் வெளியே போகும் புகையும் ஒரே நேரத்தில் சிலிண்டரில் இருப்பதால், எரிபொருளில் 25 முதல் 30 சதவீதம் வரை எரியாமல் அப்படியே தண்ணீருக்குள் போகிறது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் முழுத் திராட்டிலுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.3 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 70க்கு 21, 22 லிட்டர் ஆகும். பழையது அதே திராட்டிலில் எவ்வளவு குடித்தது என்று கரைவாசிக்கே தெரியும்.

கரைவாசி

32 லிட்டர் குடித்தது, 50:1 கணக்கில் கலந்த எண்ணெய் தனி.

ஐயா சொன்னபடி இரண்டு முறை ஊறவைத்தேன். 70 இருந்தது 78 ஆனது, அதற்கு மேல் நகரவில்லை. கேமராவில் புகைபோக்கித் துளைக்குப் பக்கத்தில் செங்குத்தாக நான்கு கீறல்கள் தெரிந்தன. ஒன்று நகத்தால் தொட்டாலே தட்டுப்படும் ஆழத்தில் இருக்கும் போலத் தெரிந்தது. எஞ்சினைக் கழற்றத்தான் போகிறேன்.

எடையைப் பற்றிச் சுக்கான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு சோதனை செய்தேன். பழைய எஞ்சின் இன்னும் படகில்தான் இருக்கிறது. அமைதியான நீரில் படகைக் கட்டி, தளத்தின் வடிகால் துளை நீர்மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்று பார்த்தேன். இரண்டு விரற்கடை இருந்தது. பிறகு இருபது லிட்டர் கேன்கள் இரண்டிலும் ஐந்து லிட்டர் கேன் ஒன்றிலும் தண்ணீர் நிரப்பி, எஞ்சினை ஒட்டினாற்போல் பின்பலகையின் மேல் கட்டி வைத்தேன். மொத்தம் 45 கிலோ. துளையின் கீழ் விளிம்பை நீர் தொட்டது. எரிபொருள் குழாயைப் பார்ப்பதற்காக நான் பின்னால் ஓரடி வைத்ததும் துளை வழியாக நீர் உள்ளே வந்தது; தளத்தில் கிடந்த காய்ந்த இலை ஒன்று மிதந்து என் காலருகே வந்து நின்றது. அந்த இலையைப் பார்த்ததுமே 90ஐ மறந்துவிட்டேன்.

மூன்றாம்அலை

நல்ல சோதனை. நானும் என் பேச்சைத் திரும்பப் பெறுகிறேன், இந்தப் படகுக்கு மட்டும். பேட்டரி எங்கே இருக்கிறது? பின்னால் இருந்தால் அதை ஸ்டியரிங் மேடைக்குள் கொண்டுபோனால் இருபது கிலோவுக்கு மேல் முன்னால் நகரும்.

மரவேலை

எடையைப் பேசினீர்கள், அந்த எடையைத் தாங்க வேண்டிய பின்பலகையை யாரும் பேசவில்லையே. நாற்பது வயதான ஃபைபர் படகின் பின்பலகைக்குள் ஒட்டுப்பலகைதான் இருக்கும். ஃபைபர் தோல் பளபளவென்று இருக்கும், உள்ளே பலகை தேநீரில் ஊறிய ரொட்டி மாதிரி ஆகியிருக்கும். புதிய எஞ்சினை மாட்டிய பிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட வருத்தமான வேலை வேறில்லை.

முதலில் எஞ்சினின் அடித்தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்து, பின்பலகை வளைகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளைந்தால் அதற்கு மேல் சோதனை தேவையில்லை. வளையாவிட்டால் சுத்தியலின் மரக்கைப்பிடியால் ஒவ்வோர் அங்குலமாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல பலகை கணீரென்று ஒலிக்கும்; ஊறிய இடம் ‘தொப்’ என்று மழுங்கிக் கேட்கும். சந்தேகமான இடத்தில், படகின் உட்புறத்திலிருந்து, தாழ்வான பகுதியில் 3 மில்லிமீட்டர் துளையிட்டு, வெளியே வரும் தூளை உள்ளங்கையில் வாங்கிப் பாருங்கள். வெளிறிய, உலர்ந்த தூள் வந்தால் நிம்மதி. கறுத்து, விரலில் அப்பிக்கொண்டு, புளித்த வாடை வீசினால் உள்ளே அழுகல். மறுபக்க ஃபைபர் வரை துளைத்துவிடாதீர்கள். துளைத்தவற்றை அன்றைக்கே எப்பாக்சியால் அடைத்துவிடுங்கள்.

பெரும்பாலும் நீர் இறங்குவது எஞ்சின் போல்ட் வழியாக அல்ல. ஆழமானியின் உணரியைப் பொருத்த யாரோ அவசரத்தில் முடுக்கிய இரண்டு சிறு திருகுகள் வழியாகத்தான்.

கரைவாசி

மரவேலை ஐயா, நீங்கள் என் படகை நேரில் பார்த்துவிட்டு எழுதியது போலிருக்கிறது. எஞ்சினை அசைத்தபோது பலகை அசையவில்லை. தட்டியதில் வலது கீழ்மூலையில் ஓர் உள்ளங்கை அளவுக்கு ஒலி மழுங்கியது. அது ஆழமானியின் உணரி இருந்த இடமேதான். ஐந்து துளைகள் இட்டேன். நான்கில் உலர்ந்த தூள், அந்த மூலையில் மட்டும் ஈரமான பழுப்புத் தூள். பலகை முழுவதையும் மாற்ற வேண்டுமா?

மரவேலை

தேவையில்லை. உட்புறத்தில் அந்த இடத்தைச் சதுரமாக வெட்டித் திறந்து, நல்ல மரம் தெரியும் வரை சுரண்டி எடுங்கள். பல நாள் நன்றாகக் காய விடுங்கள். இதில் அவசரப்பட்டால் ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். பிறகு புதிய ஒட்டுப்பலகைத் துண்டை எப்பாக்சியில் பதித்து, மேலே கண்ணாடியிழை அடுக்குகளால் மூடுங்கள். எஞ்சின் போல்ட் துளைகளையும் விட்டுவிடாதீர்கள். பெரிதாகக் குடைந்து, கெட்டிப்படுத்திய எப்பாக்சியால் நிரப்பி, அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையிட்டால், போல்ட் எப்போதாவது கசிந்தாலும் நீர் மரத்தைத் தொடாது. பல எஞ்சின்கள் ஒரே போல்ட் அமைப்பைத்தான் பின்பற்றுகின்றன. மேல் துளைகளுக்கு இடையே 12⅞ அங்குலம், கீழ்த் துளைகளுக்கு இடையே 9⅞ அங்குலம். ஆனாலும் 1983இல் இட்ட துளை அதோடு பொருந்துகிறதா என்று அளந்த பிறகு துரப்பணத்தை எடுங்கள்.

துடுப்பு2

இடையில் ஒரு கேள்வி. பயன்படுத்திய ஃபோர்-ஸ்ட்ரோக் பற்றி யாரும் பேசவில்லையே? நானும் இதே நிலையில்தான் இருக்கிறேன்.

நீர்க்காகம்

வாங்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு வாங்க வேண்டும். நான் ஒருமுறை வாங்கியதில், மேல் மூடி புத்தம் புதிதாக மின்னியது. விற்றவர் நன்னீரில் மட்டுமே ஓடியது என்று சத்தியம் செய்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்ற முயன்றபோது முதல் போல்ட்டின் தலை கையோடு வந்துவிட்டது. உள்ளே உப்பு வெள்ளைப் படிகமாக நிறைந்திருந்தது. அதிலிருந்து நான் மூன்றைக் கேட்காமல் காசைத் தொடுவதில்லை. எஞ்சினின் கணினியிலிருந்து ஓடிய மணி நேரத்தையும் எந்தச் சுழற்சியில் எவ்வளவு நேரம் ஓடியது என்பதையும் எடுத்துக் காட்ட வேண்டும். சிலிண்டர்களின் கம்ப்ரஷன் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கியர் எண்ணெயின் கீழ்த் திருகை என் கண்முன்னே திறக்க வேண்டும். பால் நிறத்தில் வந்தால் நீர் புகுந்திருக்கிறது. மணி நேரம் குறைவு என்பதே நல்ல அடையாளம் ஆகாது. ஐந்தாண்டு ஓடாமல் கிடந்த எஞ்சினைவிட, ஆண்டுதோறும் நூறு மணி நேரம் ஓடி எண்ணெய் மாற்றிய எஞ்சின் எனக்கு மேல்.

கணக்கர்

60ஐ வாங்குங்கள் என்று மறுபடியும் சொல்லிவைக்கிறேன். உங்கள் பயன்பாட்டுக்கு அது போதும்.

கரைவாசி

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். பின்பலகை வேலை முடிந்தது. காய்வதற்கே மூன்று வாரம் பிடித்தது. கணக்கர் மன்னிக்க வேண்டும், யமஹா எஃப்70 வாங்கிவிட்டேன். எடை அனுமதிக்கிறது, சூத்திரம் அனுமதிக்கிறது, நால்வர் ஏறும் நாளில் அந்தப் பத்துக் குதிரைத்திறன் உதவும் என்று தோன்றியது. 20 அங்குலத் தண்டு. எஞ்சினில் புரொப்பெல்லருக்கு மேலே உள்ள கிடைத் தகடு படகின் அடிமட்டத்துக்கு ஓர் அங்குலத்துக்குள் மேலே நிற்கும்படி பொருத்தியிருக்கிறோம்.

எஞ்சினுக்கு அப்பால் நான் எதிர்பாராத வேலைகளே அதிகம். கட்டுப்பாட்டுப் பெட்டி, அதன் கேபிள்கள், மின்கம்பித் தொகுதி எதுவும் பழையது பொருந்தவில்லை. ஸ்டியரிங் கேபிளைக் கழற்றியபோது அதன் முனைத்தண்டு சாய்வுக் குழாய்க்குள் துருவோடு இறுகியிருந்தது, அதையும் மாற்றினேன். ஃபோர்-ஸ்ட்ரோக்கின் மூடி உயரம் என்பதால், எஞ்சினை முழுவதும் தூக்கினால் பின்பலகைக்கு முன்னால் உள்ள தொட்டியின் விளிம்பில் இடிக்கிறது. ஒரு விரல் இடைவெளி விட்டு நிற்கும்படி தடுப்புப் போட்டோம். பழைய டேங்கின் அடியில் பசை போன்ற படிவு இருந்தது; டேங்கைக் கழுவி, குழாய்களை மாற்றி, 10 மைக்ரான் நீர்பிரிப்பு வடிகட்டியைச் சேர்த்தேன். பேட்டரியை ஸ்டியரிங் மேடைக்குள் நகர்த்தினேன்.

சுக்கான்

பேட்டரியை முன்னால் கொண்டுபோனீர்கள் என்றால் கம்பியின் தடிமனைக் கூட்டினீர்களா? நீளம் கூடினால் மின்னழுத்தம் இறங்கும். பழைய எஞ்சின் அதைப் பொறுத்துக்கொண்டிருக்கும்; எரிபொருளைக் கணினி தெளிக்கும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் அடம்பிடிக்கும். புரொப்பெல்லர் எது?

கரைவாசி

கம்பியை இரண்டு படி தடிமனாக்கினேன். புரொப்பெல்லர் விஷயத்தில்தான் உங்கள் கருத்து வேண்டும். முதல் 10 மணி நேரப் பழக்க ஓட்டத்தை முடித்துவிட்டு, இருவரும் முழு டேங்குமாக அளந்தேன். 15 அங்குலப் பிட்ச்சில் (பிட்ச் என்பது புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) முழுத் திராட்டிலுக்கு நிமிடத்துக்கு 5500 சுழற்சி, ஜிபிஎஸ்ஸில் 25.2 நாட் (மணிக்குக் கடல் மைல்). 13 அங்குலப் பிட்ச்சில் 5950 சுழற்சி, 24.9 நாட். எஞ்சினுக்கு அனுமதித்த எல்லை 5300 முதல் 6300 வரை. இரண்டுமே எல்லைக்குள்தான் இருக்கின்றன; அப்படியானால் வேகமானதை வைத்துக்கொள்ளலாமா?

கணக்கர்

வேண்டாம், 13ஐ வையுங்கள். கியர் விகிதம் 2.33. சுழற்சியைப் பிட்ச்சால் பெருக்கி, கியர் விகிதத்தாலும் 1215ஆலும் வகுத்தால் வழுக்கலே (புரொப்பெல்லர் நீரில் வீணாகச் சுற்றுவது) இல்லாத வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 15க்கு அது 29.1; நீங்கள் கண்டது 25.2, ஆக வழுக்கல் 13 சதவீதத்துக்கு மேல். 13க்கு 27.3, கண்டது 24.9, வழுக்கல் 9 சதவீதம். 0.3 நாட் வேகத்துக்காக எஞ்சினை எல்லையின் அடிப்பகுதியில் திணறவிட வேண்டாம். நால்வர் ஏறினால் 15இல் அது 5300க்கும் கீழே போய்விடும்.

60 என்றால் இந்தச் சிக்கல் இருந்திருக்காது என்று சொல்ல வாய் வருகிறது, சொல்லவில்லை.

மூன்றாம்அலை

13க்கு என் வாக்கும். தனியாக ஓட்டும்போது 6300ஐத் தாண்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். வடிகால் துளை இப்போது எப்படி இருக்கிறது?

கரைவாசி

தனியாக ஓட்டினால் 6150. வடிகால் துளை நீர்மட்டத்துக்கு மேலே இரண்டரை விரற்கடை. பேட்டரி முன்னால் போனதில் பழைய எஞ்சின் இருந்ததைவிடச் சற்று மேலேயே நிற்கிறது. 20ஆவது மணி நேர எண்ணெய் மாற்றத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது.

நீர்க்காகம்

பழைய எஞ்சினை இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். தலைப்பகுதி போனாலும் கீழே கியர் பெட்டி நன்றாக இருந்தால் எனக்கு வேண்டும்.

கரைவாசி

எடுத்து வைத்திருக்கிறேன் ஐயா. கீழ்த் திருகைத் திறந்து பார்த்தேன். எண்ணெய் கறுப்பாகத்தான் வந்தது, பால் நிறம் இல்லை.